கம்பியைப் பிடித்தால் வாட்ச் நடக்காது



போன வாரம் கிரகப்பிரவேசப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அம்மா முழங்கையில் என்ன சார் கட்டு?" "அத்தைக்கு என்ன ஆச்சு மாமா?" என்று பத்துப் பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். ஆளுக்கொரு பதில் எழுதாமல் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். அவள் நலம். எலும்பில் ஒன்றும் இல்லை, சிராய்ப்பும் வீக்கமும்தான். விழுந்தது ட்ரெட்மில்லில். விழக் காரணம் நான். எனக்கு அடுத்தபடியாக ஒரு வாட்ச்.

பதிவு நீளம். வீட்டில் ட்ரெட்மில்லும், பெற்றோர் கையில் ஸ்மார்ட் வாட்சும் இருக்கிறவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவளுக்கு மூட்டு மாற்று அறுவை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. தெருவில் நாய்த் தொல்லை, மழை வந்தால் சகதி. அதனால் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வீட்டிலேயே ட்ரெட்மில்லில் நடக்கிறாள். வேகம் 3.6. நேரம் 25 நிமிடம். இரண்டு கையும் கம்பியில். "கம்பியை விடக் கூடாதும்மா" என்று அந்தப் பெண் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிறந்தநாளுக்கு மகன் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினான். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அம்மா எவ்வளவு நடக்கிறாள் என்பது ஹைதராபாத்தில் அவன் போனில் தெரியும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து போன். "அப்பா, அம்மா டெய்லி அரை கிலோமீட்டர்தான் நடக்கிறாங்க. டாக்டர் ஒன்றரை சொல்லியிருக்கார்ல? நீங்க பக்கத்துல இருந்து பாருங்கப்பா." போய்ப் பார்த்தேன். ட்ரெட்மில் திரையில் 1.50. வாட்சில் 0.58. புத்தம் புதிய வாட்ச், ஆறு வருடப் பழைய மெஷின். எதை நம்புவது? நான் வாட்சை நம்பினேன். அத்தோடு விட்டிருக்கலாம். "நடுவுல நடுவுல நிறுத்திட்டு ஓரத்துல நின்னுக்கிறியா? என்கிட்டயே ஏமாத்து வேலையா?" என்று கேட்டும்விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தடால் என்று சத்தம். நல்லவேளை, சுடிதார் ஓரத்தில் அந்தச் சிவப்புக் கயிற்றுக் கிளிப்பை மாட்டியிருந்தாள். சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்த காலில் அடி இல்லை. தூக்கி உட்காரவைத்து, "ஏன் கம்பியை விட்ட?" என்று கேட்டேன்.

"கை வீசினாத்தான் அது கணக்குல எடுக்குதாம். பக்கத்து வீட்டுப் பொண்ணு சொன்னா. நீங்களும் அவனும் அந்த நம்பரைத்தானே பார்க்கிறீங்க?"

முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று உங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் "சுழிப்பிழை சார்" என்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் சுழித்திருத்தம் எழுதாதவனுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில், எந்தக் கருவியையும் சோதிக்காமல், ஒரு மனுஷியைத் திருடி என்றாக்கினேன். இதைப் பொதுவெளியில் எழுத வேண்டும் என்று சொன்னது அவள் இல்லை. எனக்கே தோன்றியது.

கட்டுப் போட்டு வந்த அன்று மத்தியானம்தான் யோசிக்க உட்கார்ந்தேன்.

தெருவில் நடக்கும்போது வாட்ச் செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து நாம் எங்கிருந்து எங்கே போனோம் என்று பார்க்கிறது. ட்ரெட்மில்லில் நாம் எங்கேயும் போவதில்லை. அந்தப் பிள்ளையார் படத்துக்கு எதிரேயேதான் அரைமணி நேரமும் நிற்கிறோம். ஆக ஜிபிஎஸ்ஸால் பயன் இல்லை. வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானி கை ஆடுவதைப் பார்த்து, இது ஒரு காலடி, இது இன்னொரு காலடி என்று எண்ணுகிறது. அதை ஒரு காலடியின் நீளத்தால் பெருக்கினால் தூரம். விலை கூடின வாட்சுகள் ஆட்டத்தின் வேகத்தையும் பாணியையும் பார்த்துக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகக் கணிக்கும். ஆனாலும் கணிப்புதான், அளவீடு இல்லை. தையற்காரர் டேப் போடாமல் ஆளைப் பார்த்து ஜாக்கெட் தைப்பது போல.

கை கம்பியில் இருந்தால்? ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் காலடி இல்லை. அவள் 25 நிமிடம் நடந்ததற்கு வாட்ச் எண்ணியிருந்தது 816 காலடி. நான் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் எண்ணினால் 108 வருகிறது. அப்படியென்றால் 25 நிமிடத்துக்கு 2,700. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாட்ச் விழுங்கிவிட்டது. அதே வாட்ச் அன்று சாயங்காலம் அவள் உட்கார்ந்த இடத்தில் மோர் கடைந்ததற்கு நூற்றுச் சொச்சம் காலடி தாராளமாகக் கொடுத்தது!

காலடி நீளத்தை அது எங்கிருந்து எடுக்கிறது? அமைப்பில் நாம் கொடுக்கும் உயரத்திலிருந்து. உயரத்தில் ஏறக்குறைய 0.41 பங்கு ஒரு காலடி என்பது இந்த மாதிரிக் கருவிகளில் பழக்கமான கணக்கு. அவள் உயரம் 152 சென்டிமீட்டர். வாட்சில் இருந்தது 174. பெட்டியைத் திறந்த அவசரத்தில் மகன் தன் உயரத்தையே போட்டு வைத்திருக்கிறான். சரியான உயரத்தைப் போட்டாலும் காலடி 62 சென்டிமீட்டர் என்று வரும். நிஜத்தில் அவள் காலடி 52தான். மூட்டு மாற்றியவர்கள் எட்டி வைப்பதில்லை. போதாததற்கு ட்ரெட்மில்லில் பொதுவாகவே தரையில் வைப்பதைவிடக் குறுக்கி, அடிக்கடி வைக்கிறோம். ஒரு பிழை தூரத்தைக் கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் அந்த 0.58. அதில்தான் என் மகன் விசாரணை நடத்தினான், நான் தீர்ப்பு எழுதினேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. இமயமலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத காலத்தில், 1865இல் நைன் சிங் என்கிற குமாவோன் மலைக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு லாசா வரை தூரத்தை அளந்துகொண்டே போனார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், அதில் எனக்கு ஒரு பெருமை. ஏறினாலும் இறங்கினாலும் காலடி ஒரே நீளத்தில் விழும்படி முதலில் டேராடூனில் அவரைப் பழக்கினார்கள். கையில் ஜெபமாலை. 108 மணிக்குப் பதிலாக 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். அவருடைய கணக்கு நிற்பதற்குக் காரணம், எண்ணப் போவதற்கு முன்னால் காலடியை அளந்து வைத்துக்கொண்டதுதான். நாம் அளக்காமலே எண்ணுகிறோம், அதுவும் மூன்றில் ஒன்றை.

சரி, வாட்ச் தப்பு. அப்படியானால் ட்ரெட்மில் திரை சரியா? இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். வாட்சை மெஷினோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். தராசுக்கு முத்திரை குத்த ஆய்வாளர் உண்டு. ட்ரெட்மில்லுக்கு யார் குத்துகிறார்கள்? அந்த 1.50ஐயும் நாமேதான் சோதிக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. ஒரு இரும்பு டேப், சாக்பீஸ், வெள்ளை பிளாஸ்டர், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். துணி டேப் வேண்டாம், இழுபடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து ஒரு மீட்டர் அளந்து இன்னொரு கோடு. பெல்ட்டைக் கையால் மெல்ல இழுத்து அடுத்த மீட்டர். முதல் கோடு திரும்பி வரும்வரை இப்படி. எங்கள் மெஷினில் மொத்தச் சுற்று 2.74 மீட்டர் வந்தது. பிறகு ஓரத்தில் பளிச்சென்று ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, மெஷினை 3.6இல் ஓடவிட்டு, பிளாஸ்டர் 50 தடவை சுற்றி வர எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். 3.6 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சரியாக ஒரு மீட்டர். 50 சுற்று 137 மீட்டர், ஆக 137 நொடி ஆக வேண்டும். வெறும் பெல்ட்டுக்கு 138 ஆனது. அடடே, மெஷின் யோக்கியம் என்று நினைத்தேன்.

பிறகு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். 145 நொடி! ஆள் ஏறினதும் பெல்ட் திணறுகிறது. திரை உருளையின் சுழற்சியை வைத்தோ மோட்டாருக்குக் கொடுத்த கட்டளையை வைத்தோ கணக்குப் போடுகிறது. அதன் மேல் பெல்ட் வழுக்கினாலோ பின்தங்கினாலோ அதற்குத் தெரியாது. உண்மை வேகம் 3.4. 25 நிமிடத்தில் அவள் நடந்தது 1,417 மீட்டர். மெஷின் 83 மீட்டர் கூடச் சொன்னது. வாட்ச் 837 மீட்டர் குறைத்துச் சொன்னது. ஏமாற்றுக்காரி என்று நான் சொன்னவள் ஒரு வாரமாக நாள் தவறாமல் ஒன்றே கால் கிலோமீட்டருக்கு மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விட்டுக் கடைசியாக எப்போது என்று நினைவே இல்லை. எண்ணெய் விட்டு, பின்னால் இருக்கும் போல்ட் இரண்டையும் அவர்கள் புத்தகத்தில் சொன்னபடி கால் சுற்று இறுக்கிய பிறகு 140 நொடிக்கு வந்தது. இரண்டு சதவீத வித்தியாசம், பாதகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். நடப்பவரே குனிந்து எண்ணக் கூடாது. எண்ணுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, பேரப்பிள்ளைகள் மூன்றையும் பக்கத்தில் விடாதீர்கள்.

இவ்வளவும் செய்து உண்மைத் தூரம் கையில் வந்த பிறகுதான் வாட்சைத் திருத்துவதில் அர்த்தம் இருக்கிறது. நான் கையை வீசித்தான் நடக்கிறேன். என் வாட்சும் குறைத்தே காட்டியது. அரைமணியில் 2.31, பெல்ட்டை எண்ணிப் போட்ட கணக்கில் 2.44. நடந்து முடித்ததும் உண்மைத் தூரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. கார்மின் வைத்திருப்பவர்களுக்கு ட்ரெட்மில் பயிற்சியின் முடிவில் 'கேலிபிரேட் அண்ட் சேவ்' என்று வரும். பல மாடல்களில் குறைந்தது 2.4 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் வேறு வழி. சமமான திறந்த வெளியில், வெளிநடைப் பயிற்சியைப் போட்டுவிட்டு, இருபது நிமிடம் உங்கள் இயல்பில் நடந்தால் அது உங்கள் காலடியைக் கற்றுக்கொள்கிறது. போனில் இருப்பிட அனுமதி திறந்திருக்க வேண்டும். காலடி நீளத்தை நேரடியாகக் கேட்கும் வாட்சுகளும் உண்டு. அவற்றுக்குத் தூரத்தைக் காலடி எண்ணிக்கையால் வகுத்துப் போட்டால் முடிந்தது, எட்டாம் வகுப்புக் கணக்கு.

திருத்தியதும் என் வாட்ச் 2.44க்கு முப்பது மீட்டருக்குள் வந்தது. ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு 3.5இல் மெதுவாக நடந்தால் மறுபடி உளறுகிறது. வேகம் மாறினால் காலடியும் மாறும், அவ்வளவுதான். எந்த வேகத்தில் அதிகம் நடப்பீர்களோ அந்த வேகத்தில் திருத்துங்கள். மெஷினை ஏற்றமாகச் சாய்த்தால் தூரம் கூடாது, மூச்சுதான் கூடும். வாட்சுக்குச் சாய்வு தெரியவும் தெரியாது.

அவள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பியைப் பிடிக்கிறவர்களுக்கு இந்தத் திருத்தம் எதுவும் உதவாது. இதை நான் அடித்துச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என்று பிரித்துப் படித்தோமே, அதுதான். வாட்ச் தினமும் ஒரே விகிதத்தில் குறைத்தால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம். இன்றைக்குக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், நாளைக்கு லேசாக, நாளன்றைக்கு நடுவில் கையை எடுத்து முகம் துடைத்தாள் என்றால் அந்த எண் ஒரு நாள் 0.58, ஒரு நாள் 0.9, ஒரு நாள் 0.4. அதை எதனால் பெருக்குவீர்கள்? அவளுக்குக் கால் முன்னேறுகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு கையால் மட்டும் பிடிப்பவர்கள் வீசுகிற கையில் வாட்சைக் கட்டலாம். இரண்டு கையும் கம்பியில் என்றால் கணுக்காலில் கட்டிப் பாருங்கள். நாங்கள் செய்து பார்த்தோம். 200 காலடிக்கு 196 காட்டியது. நாடித்துடிப்பு மட்டும் தாறுமாறு. ஷூவில் மாட்டும் சிறு சென்சார் தனியாகவும் கிடைக்கிறது, வாட்சோடு சேர்ந்து வேலை செய்யும். அதெல்லாம் வேண்டாம் என்றால் சோதித்த மெஷின் திரையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இப்போது அவள் அப்படித்தான் செய்கிறாள். கட்டம் போட்ட நோட்டு, நாள், நிமிடம், தூரம்.

"நடந்தால் போதாதா சார், நூறு மீட்டர் முன்னப்பின்ன இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். தனக்காக நடப்பவருக்குப் போதும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த எண்ணை இன்னொருவர் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்றான பிறகு, அது வெறும் எண் இல்லை, மதிப்பெண். தப்பான மதிப்பெண் போட்டால் பிள்ளை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். எது மார்க் வாங்கித் தருமோ அதைச் செய்யும். அவளும் அதைத்தான் செய்தாள். அறுபத்து மூன்று வயதில், புது மூட்டோடு, ஓடுகிற பெல்ட்டின் மேல் கம்பியை விட்டாள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகளா, உங்கள் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. வாட்ச் வாங்கி அனுப்புங்கள். ஆனால் கூரியரில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவின் உயரத்தைச் சுவரோரம் நிறுத்தி அளந்து போடுங்கள். அவர்கள் கம்பியைப் பிடித்து நடக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். பெல்ட்டை எண்ணுங்கள். அதுவரை போனில் தெரியும் தூரத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். கேட்பதென்றால் "இன்னைக்கு எத்தனை நிமிஷம் நடந்தீங்க, மூச்சு வாங்குச்சா, கால் வலிச்சுதா" என்று கேளுங்கள். இதற்கு வாட்ச் தேவையில்லை.

மகனிடமும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன சனிக்கிழமை வந்து இறங்கியவன் பையைக்கூட வைக்காமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் நடக்க, அவன் எண்ணினான். அவன் 50 என்று நிறுத்தியதும் மேலேயிருந்து, "49தான் ஆச்சு, நானும்தானே எண்ணிக்கிட்டு வர்றேன்" என்றாள். திரும்ப முதலிலிருந்து.

எண்ணெய் விட்ட தேதியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை எண்ண வேண்டும். அந்தப் பக்கம் ஊருக்கு வருகிறவர்கள் யாராவது ஸ்டாப்வாட்சோடு வந்தால் காபி உண்டு. டேப் இங்கேயே இருக்கிறது.